கொழும்பில் ‘ஊர்’ என்று ஒன்று உண்டா? எங்கிருந்து தொடங்கலாம்?

வாசகர் கேள்வி, 2025 ஓகஸ்ட் 9

கொழும்பில இருக்கிற தமிழருக்கு ஊர் எண்டு ஒண்டு இல்லை. ஆரைக் கேட்டாலும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை எண்டுதான் சொல்லுகினம். இருக்கிறது கொட்டாஞ்சேனை, பிள்ளைகள் பிறந்ததும் இங்கதான். ஆனா தெருவைப் பற்றி ஒண்டும் தெரியாது, பக்கத்து வீட்டாரையும் தெரியாது. ஊர் வேலை, ஊர் வரலாறு எண்டு ஏதாவது செய்யலாம் எண்டா எங்க தொடங்கிறது?

ஓகஸ்ட் 9, இரவு

ஊர் இருக்கிறது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டினார். அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டத் தொடங்கியது 1907இல், குடமுழுக்கு 1912இல். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டி வரை ஆடிவேல் விழாவில் முருகனின் வேல் தேரில் போய்வருவது பல தலைமுறைப் பழக்கம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் இந்த நகரத்தில்தான் தொடங்கின. இத்தனை காலம் இருந்த சனத்துக்கு ஊர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

தொடங்க இரண்டே வேலை. ஒரு தெருவை எடுங்கள், கொழும்பு முழுவதையும் எடுக்க வேண்டாம். ஒரு சங்கத்தில் சேருங்கள். இரண்டில் சங்கம்தான் முதலில்.

ஓகஸ்ட் 11

“வரலாறு சேகரிக்க வந்தவனுக்கு மரண உதவிச் சங்கத்தில் என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய புத்தகங்கள் அங்கேதான் இருக்கின்றன. மரண உதவிச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், தோட்டம் என்று நகரத்தில் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் உள்ள சமூக அபிவிருத்திச் சபை எல்லாவற்றிடமும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் சந்தா இடாப்பும் இருக்கும். எந்த வீட்டில் யார் இருந்தார், எந்த ஆண்டு குழாய்த் தண்ணீர் வந்தது, எந்த வெள்ளத்துக்கு எத்தனை குடும்பத்துக்குச் சாப்பாடு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஒரு வருடம் அந்தச் சங்கத்துக்கு வேலை செய்தவர் கேட்டால் அலுமாரிச் சாவியே கைக்கு வரும்.

எந்த வேலை? செயலாளருக்கு உதவியாகக் குறிப்பு எழுதும் வேலை. யாரும் விரும்பி எடுப்பதில்லை, அதனால் கேட்டவுடன் கிடைக்கும். ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

தைத்துக் கட்டிய சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) வாங்குங்கள், தனித்தாள் கோப்பு வேண்டாம். முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் இலக்கம் போடுங்கள். கூட்டம் நடந்த இடம், தேதி, தொடங்கிய நேரம், வந்தவர்களின் பெயரும் கையெழுத்தும், வரமுடியாது என்று அறிவித்தவர்கள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தீர்மானம், அதை யார் எந்தத் தேதிக்குள் செய்வது, முடிந்த நேரம். சண்டையில் யார் யாரை என்ன சொன்னார் என்பது எழுதுவதற்கல்ல, முடிவை மட்டும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் இருந்தால் பக்கத்திலேயே எழுதித் தலைவரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இது குழம்பினால் முதலில் வங்கிக் கணக்குத்தான் முடங்கும். நிர்வாகம் மாறியதும் கையெழுத்துக்காரரை மாற்ற வங்கி கேட்பது சங்கத்தின் யாப்பு (விதிகள்), புதிய நிர்வாகிகள் பட்டியல், பொதுக்கூட்டத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி ஆகியவற்றை. தீர்மானம் தனித்தாளில் எழுதித் தொலைந்திருந்தால் பழைய பொருளாளரின் கையெழுத்தில்லாமல் ஒரு ரூபாயும் எடுக்கமுடியாது. அவர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போயிருப்பார்.

ஓகஸ்ட் 12

வெள்ளவத்தையிலிருந்து எழுதியவருக்கு: தொடர்மாடியில் சங்கமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு ஆதனச் சட்டப்படி பதிவான கட்டடத்துக்கு வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உண்டு. அந்தக் கூட்டம் பெரும்பாலும் லிப்ட்டும் தண்ணீர் மோட்டாரும்தான், அதிலும் போய் இருங்கள். இந்தக் கட்டடம் வருமுன் அந்தக் காணியில் என்ன வீடு இருந்தது என்பதைக் காட்டும் பிளானும் உறுதியும் (காணிப் பத்திரமும்) அந்தக் கோப்பில்தான் கிடக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு இல்லை, உரிமையாளரின் எழுத்து அதிகாரத்தோடு போகலாம்.

ஓகஸ்ட் 17

இனி வரலாறு. கொழும்புத் தமிழரின் தெரு வரலாற்றுக்கு மரண அறிவித்தல் போல நல்ல ஆவணம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதை யாரும் வரலாறாக எண்ணுவதில்லை என்பதுதான் கவலை.

அதன் வாய்பாட்டைப் பாருங்கள். “இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன தெருவை வதிவிடமாகவும் கொண்டவரும்…” என்று தொடங்கும். பிறகு தொழில், தாய் தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளும் அவர்கள் இருக்கும் நாடுகளும், மருமக்கள், சகோதரர்கள். கடைசியில் பூதவுடல் எந்த இலக்க வீட்டில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது, எத்தனை மணிக்கு எந்த மயானத்துக்குக் கொண்டு போகப்படும் என்று வரும். பொரளைக் கனத்தையா, மாதம்பிட்டியா என்பதுகூட ஒரு செய்திதான். ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு முழுவதும் பத்து வரிக்குள் கிடக்கிறது.

செய்யும் முறை: பழைய நாளிதழ்கள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உண்டு, கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தை, பழைய ஆட்கள் ரீட் அவெனியூ என்பார்கள். அச்சகச் சட்டம் 1885இல் வந்ததிலிருந்து நூல்கள் சேர்ந்த இன்னோர் இடம் தேசிய நூதனசாலை நூலகம். அடையாள அட்டையோடு போய்ப் பதியுங்கள். பேனாவைப் பையிலே விட்டுவிட்டுப் பென்சிலைக் கொண்டுபோங்கள். படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள்.

பத்து ஆண்டை ஒரேயடியாகப் புரட்டப் போனால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். உங்கள் தெருவுக்கு ஒரு ஆண்டு, அதில் ஒரு மாதம் என்று எடுங்கள். கணினி அட்டவணையில் நிரல்கள் இவை: பத்திரிகை, தேதி, பக்கம், பெயர், பிறப்பிடம், வதிவிடம், வீட்டிலக்கம், தொழில், மயானம், குறிப்பு. பெயரைப் பத்திரிகையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். கந்தையாவும் கந்தயாவும் ஒருவரா இருவரா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதல் நிரலிலேயே திருத்தி எழுதிவிட்டால் பின்னால் சரிபார்க்க வழியில்லை.

ஓகஸ்ட் 18

நேற்றைய குறிப்போடு சேர்த்து வாசிக்க: மரணத்தின் பின் செய்யும் அந்தியேட்டிக் கிரியை அன்று கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற சிறு நூல். நினைவு மலர் என்றும் சொல்வார்கள். தேவாரத்தோடு வாழ்க்கைக் குறிப்பு இருக்கும், சிலவற்றில் வம்சாவளி விளக்கப்படமும் இருக்கும். வீடு மாறும்போது இதுதான் முதலில் பழைய பேப்பர்காரனின் சாக்குக்குள் போகிறது. கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சங்க ஆண்டறிக்கை எல்லாமே அப்படித்தான். விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள். கிழிக்க வேண்டாம்! செட்டியார் தெருவில் எந்த நகைக்கடை எந்த இலக்கத்தில் இருந்தது என்பதை அந்த விளம்பரம்தான் சொல்லும்.

ஓகஸ்ட் 24

தெருப் பெயர் மாறியதைக் கவனிக்காமல் தேடினால் பாதி கிடைக்காது. பார்பர் வீதி இன்று மகாவித்தியாலய மாவத்தை. வடக்கு ஸ்கின்னர்ஸ் வீதி, ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தை. டார்லி வீதி, ரி.பி. ஜாயா மாவத்தை. கிறீன் பாத், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. 57ஆம் ஒழுங்கை, உருத்திரா மாவத்தை. அட்டவணையில் ‘அன்றைய பெயர்’, ‘இன்றைய பெயர்’ என்று இரண்டு நிரல் வையுங்கள். ஆட்கள் வாயில் பழைய பெயர்தான் இன்னும் வரும், அதையும் எழுதுங்கள்.

செப்டெம்பர் 2

“எங்கள் வீடு எப்போது கட்டியது?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

வீட்டு உறுதியை எடுங்கள். பின்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ காணிப் பதிவகத்தின் முத்திரையோடு ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும்: தொகுதியும் போலியோவும் (folio, பதிவேட்டின் தாள் எண்). அதைக் கொண்டு பதிவகத்தில் அந்தப் போலியோவைத் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு தாளிலும் ‘முன்னர் எங்கிருந்து கொண்டுவரப்பட்டது’, ‘அடுத்து எங்கே கொண்டுசெல்லப்படுகிறது’ என்று குறித்திருக்கும். அந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போங்கள். போலியோ எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது வீண் அலைச்சல்.

உறுதியில் நான் முதலில் பார்ப்பது காணியை விவரிக்கும் அட்டவணை. “வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் வாரிசுகளின் காணி, மேற்கே கான்” என்று நான்கு எல்லை சொல்லும். அடுத்தடுத்த நான்கு வீட்டு உறுதிகளைப் பக்கத்தில் வைத்தால் அந்த ஆண்டின் தெரு அப்படியே எழும்பி நிற்கும். ஒருவரின் மேற்கு எல்லைக்காரர் அடுத்தவரின் உறுதியில் உரிமையாளராக வருகிறாரா என்று பாருங்கள். வராவிட்டால் இடையில் காணி பிரிந்திருக்கிறது, அல்லது பழைய உறுதியின் எல்லையை மாற்றாமல் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது அடிக்கடி நடக்கும். செத்துப்போனவர் முப்பது வருடம் எல்லைக்காரராக இருப்பார்.

பரப்பளவு ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்ற வரிசையில் இருக்கும். நான்கு ரூட் ஒரு ஏக்கர், 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர், ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. 0-0-8.5 என்றால் எட்டரைப் பேர்ச்சஸ். வீட்டிலக்கத்தையும் நம்பிவிட வேண்டாம். வீடு, காணிகளுக்கு மாநகரசபை அறவிடும் சோலை வரிக்காகக் கொடுக்கும் அசெஸ்மென்ட் இலக்கம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உறுதியில் “முன்னர் இல.” என்று இருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் குறித்துவையுங்கள்.

உறுதி, காணி வாங்கி விற்ற கதையைத்தான் சொல்லும், கட்டடம் எப்போது எழுந்தது என்பதை நேரே சொல்லாது. ஓர் உறுதியில் ‘வெறுங்காணி’ என்றும் அடுத்ததில் ‘அதன்மேல் நிற்கும் கட்டடங்களுடன்’ என்றும் இருந்தால் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் கட்டியிருக்கிறார்கள்.

செப்டெம்பர் 3

சோலை வரிப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டபோது “இல்லை, காட்டமுடியாது” என்று வாய்ச்சொல்லில் அனுப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு, தமிழிலேயே, ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணம் இல்லாமல் எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

“எங்கள் தெருவின் வரலாற்றைத் தரவும்” என்று கேட்டால் ஒன்றும் வராது. கந்தோரில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்கலாம். இப்படிக் கேளுங்கள்: “இன்ன தெருவுக்கான சோலை வரிப் பதிவேடுகள் எந்தெந்த ஆண்டுகளுக்கு உங்களிடம் உள்ளன? எங்கே வைக்கப்பட்டுள்ளன? 1950க்கு முற்பட்டவற்றை நேரில் பார்வையிட அனுமதி தரவும்.” இன்றைய உரிமையாளரின் பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி முழு விண்ணப்பத்தையும் மறுப்பார்கள். பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம்.

செப்டெம்பர் 14

வாய்மொழிப் பதிவு. முதியவர்களோடு கதைக்கப் போகிறவர்களுக்கு.

போனே போதும், ஆனால் பதிவைச் சுருக்காத வேவ் வடிவத்தில் வையுங்கள், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். ஒரு மணித்தியாலத்துக்கு ஒற்றை ஒலித்தடத்தில் 520 மெகாபைட் அளவில் வரும், முதலில் இடம் காலியாக்குங்கள். பிளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் அழைப்பு வந்த இடத்தில் பதிவு நின்றுவிடும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். போனை மேசையில் வைத்தால் தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம் இடி மாதிரி விழும், கீழே மடித்த துவாய் ஒன்றைப் போடுங்கள். மின்விசிறிதான் கொழும்பில் பெரிய எதிரி. நிறுத்தினால் அம்மா வியர்த்துக் களைத்துப் போவார், ஓடினால் பதிவு முழுக்க இரையும். காலை எட்டு மணிக்கு முன், காற்று வரும் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

“அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்தது, தம்பி” என்பதோடு முடியும். பொருளைக் கேளுங்கள். பாண் எங்கே வாங்கினீர்கள், தண்ணீர்ப் பைப் எந்தச் சந்தியில், பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் நடந்தீர்கள், வேல் வரும் அன்று வாசலில் என்ன வைத்தீர்கள். வெறும் தாளில் தெருவைக் கோடாகப் போட்டுக் கையில் கொடுத்து வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். கை நகர்ந்தால் பேச்சு தானாக வரும்.

1983. இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட யாரோடு கதைத்தாலும் பேச்சு தமிழருக்கு எதிரான ஜூலை 83 வன்செயலுக்கு வந்து சேரும். நீங்களாக அதைத் தொடங்க வேண்டாம். அவராகத் தொடங்கினால் இடைமறிக்க வேண்டாம். பதிவை நிறுத்தவா என்று ஒருமுறை கேளுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். காப்பாற்றிய அயலவரின் பெயர் வரும், தாக்க வந்தவரின் பெயரும் வரும். இரண்டாவதை எக்காரணம் கொண்டும் வெளியே விடக்கூடாது. அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவில் இருக்கலாம். எந்தப் பகுதியை வெளியிடலாம், எதை எத்தனை ஆண்டு மூடிவைக்க வேண்டும் என்று அவரே சொல்லக் கேட்டு எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள், பிள்ளைகளின் தொலைபேசி எண்ணோடு. ஒரு பிரதி அவரிடமே இருக்கவேண்டும்.

செப்டெம்பர் 15

மேலே உள்ளதோடு: வீட்டில் எல்லாம் எரிந்துவிட்டது, தாத்தாவின் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுப் பத்திரம் எரிந்தாலும் பதிவாளரின் புத்தகம் வேறிடத்தில் இருக்கிறது. பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். கொழும்பு மாநகருக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு செயலகங்கள். எண் தெரியாவிட்டால் ஆண்டு வரம்பு கொடுத்துத் தேடச் சொல்லலாம். விவாகப் பதிவில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் இருக்கும், அங்கிருந்து ஒரு தலைமுறை மேலே ஏறலாம். கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தையும் கேளுங்கள், தலைத்தொட்டப்பா, தலைத்தொட்டம்மா (ஞானப் பெற்றோர்) பெயர்கள் கிடைக்கும்.

செப்டெம்பர் 28

படங்கள். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள், டிஃப் கோப்பாக, ஒன்று 26 மெகாபைட் அளவில் வரும். பின்பக்க எழுத்தையும் தவறாமல் ஸ்கான் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். பிசின் தாள் அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு வைத்து எடுங்கள். வட்சப்பில் அனுப்பியது சேமிப்பல்ல, அது படத்தைச் சுருக்கிவிடும்.

தாள்களுக்குக் கொழும்பின் ஈரக்காற்றும் இராமபாணமும்தான் எமன். லெமினேற் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்கமுடியாது. செலோரேப்பும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசின் எழுத்துக்குள் இறங்கும். கடலோரத்துச் சுவரில் அலுமாரியை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பூச்சி கண்ட கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் டீப் பிரீசரில் வையுங்கள். எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் தாள் வியர்க்கும்.

வெள்ளத்தில் நனைந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் போட வேண்டாம், தாள் சுருண்டு மை ஓடும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, பக்கங்களுக்கிடையில் அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஒக்டோபர் 5

தெருநடை பற்றி. கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தில் தொடங்கி, ஜம்பட்டா தெரு, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், வுல்பெண்டால் ஒல்லாந்தர் தேவாலயம், ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு என்று போனால் இரண்டு, இரண்டரைக் கிலோமீற்றர்தான், ஆனால் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். வேலை நாளில் லொறிகள் சாமான் இறக்கும், நடைபாதையில் நிற்கவே இடமிராது. பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. கோயிலுக்குள் போவதென்றால் முதல் கிழமையே குருக்களையாவைக் கண்டு பூசை நேரத்தைக் கேட்டு வாருங்கள். துறைமுக வாசல் பக்கம் கமராவைத் தூக்க வேண்டாம்.

வுல்பெண்டாலில் அவசரப்பட வேண்டாம். 1749இல் தொடங்கி 1757இல் திறந்த கட்டடம் அது. கோட்டையில் கிடந்த ஒல்லாந்தர் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். எழுத்து தேய்ந்த கல்லில் சுண்ணக்கட்டியோ மாவோ பூசுவது பெரிய கெடுதல். டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், தரையோடு தரையாகச் சரித்துப் பிடியுங்கள். பள்ளமான எழுத்தில் நிழல் விழுந்து தானாக வாசிக்கத் தெரியும். அப்படியே படமும் எடுங்கள், ஓரத்தில் அடிமட்டம் வைத்து.

ஒக்டோபர் 6

“செட்டியார் தெருவில் பழைய கடையை இடிக்கிறார்கள், தடுக்கமுடியாதா?”

1815 மார்ச் 2க்கு முற்பட்டதென்றால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதற்குப் பிந்தியதென்றால், நூறு ஆண்டு கடந்திருந்தாலும், தொல்பொருள் திணைக்களம் வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. எங்கள் பழைய கடைவீடுகளில் அனேகம் இந்த இரண்டாம் வகைதான். ஆகவே இடிக்கும் நாளில் கத்துவதைவிட முன்கூட்டியே படம், உறுதி விபரம், கட்டிய காலத்துக்கான சான்று எல்லாவற்றையும் சேர்த்துத் திணைக்களத்துக்கு எழுதிப்போடுவதுதான் பலன் தரும். தடுக்கவே முடியாவிட்டால் உரிமையாளரிடம் கேட்டு உள்ளே போய்க் கதவு, சாளரம், ஓடு, தூண் எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டால் விடுவார்கள்.

ஒக்டோபர் 19

சேர்த்ததை எங்கே வைப்பது? மூன்று இடத்தில். ஒன்று சங்கத்தின் அலுமாரி, ஒன்று உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க், மூன்றாவது ஒரு பொது நூலகம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. 2005இலிருந்து இயங்கும், ‘நூலகம்’ என்ற பெயருள்ள எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் நினைவு மலர்களும் சங்க வெளியீடுகளும் ஏற்கனவே நிறைய உண்டு. உங்களிடம் உள்ளது அங்கே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை ஸ்கான் செய்ய விண்ணப்பியுங்கள். மூலத்தைக் கொடுக்கத் தேவையில்லை. சங்கத்தின் புத்தகமென்றால் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, குறிப்பில் எழுதி, பிறகு கொடுங்கள். வாய்மொழிப் பதிவில் மூடிவைக்கச் சொன்ன பகுதி எதையும் இந்த மூன்றாம் பிரதியில் சேர்க்க வேண்டாம்.

கோப்புக்குப் பெயர்: ஆண்டு, மாதம், நாள், தெரு, வரிசை எண். 2025-10-19_ஜம்பட்டா_001 என்பது போல. ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி-2’ என்று பெயர் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று இடத்திலும் பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள், திறக்காத டிஸ்க்கை அன்றே மாற்றுங்கள்.